அடிபட்ட தெரு நாய்க்கு பின்னங்கால் ரெண்டும் வரல, கருணைக்கொலை ஊசி போட்டுடலாம்ங்கறாங்க. காவேரிப்பட்டணம் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 9, ராத்திரி 10.20

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு போறதோட சரி, எழுதினதில்ல. காவேரிப்பட்டணத்துல தையல் கடை வச்சிருக்கேன், வாடகை வீடு, நானும் எட்டாவது படிக்கற பொண்ணும் தான். இன்னிக்கு சாயங்காலம் பைபாஸ் சர்வீஸ் ரோட்ல மாங்கா லோடு டெம்போ ஒண்ணு ஒரு நாயை அடிச்சிட்டு நிக்காம போயிடுச்சு. செவலை நாய், பொட்டை, ரெண்டு வயசு இருக்கும். முன்னாடி பாதி எழுந்திரிக்குது, பின்னாடி பாதி தரையில இழுத்துகிட்டு வருது, என் பொண்ணு அங்கயே உக்காந்து அழ ஆரம்பிச்சிட்டா. பழைய பேனர் துணில போட்டு ஆட்டோவுல ஒரு கிளினிக்குக்கு கொண்டு போனோம் (ஊர் பேரு வேணாம்), அவர் மேசை மேல கூட ஏத்தல, எட்டி நின்னு பாத்துட்டு முதுகெலும்பு போச்சும்மா, ஊசி போட்டுடலாம், அதுவும் கஷ்டப்படாது நீங்களும் கஷ்டப்பட மாட்டீங்கன்னாரு. 300 ரூபா வாங்கிகிட்டாரு. நாளைக்கு சொல்றேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். இப்ப தையல் கடைக்குள்ள கிடக்குது. தொடாமலேயே முதுகெலும்புன்னு எப்படிங்க தெரியும்?

சந்தூர்_மாங்கா
ஜூன் 9, ராத்திரி 10.41

அக்கா வலிக்கு டோலோ 650 பாதி பொடி பண்ணி பால்ல கலந்து குடுங்க, இல்லன்னா வோவரான். எங்க தோப்பு நாய்க்கு அப்படித்தான் குடுப்போம். காலைல புத்தூர் கட்டு போடறவர் கிட்ட காட்டிடுங்க.

நாமக்கல்_ஹாஸ்டல்
ஜூன் 9, ராத்திரி 10.55

அக்கா தயவு செஞ்சு அதெல்லாம் குடுக்காதீங்க. நான் வெட்னரி நாலாவது வருஷம், இன்னும் டாக்டர் ஆகல, அதனால நான் சொல்றத வச்சு மட்டும் முடிவு எடுக்க வேணாம், ஆனா இது ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன். மனுசன் சாப்டற வலி மாத்திரை நாய் உடம்புக்கு வேற கணக்கு. வோவரான்ங்கறது டைக்ளோபினாக், நாய்க்கு வயித்துல ரத்தக் கசிவு வரும், கிட்னி போகும். இதே மருந்து போட்ட மாடு செத்து அத தின்ன பிணந்தின்னி கழுகெல்லாம் கூண்டோட போச்சுன்னு தான் 2006ல கால்நடைக்கு குடுக்கக் கூடாதுன்னே தடை போட்டாங்க. டோலோங்கறது பாராசிட்டமால், அளவு கொஞ்சம் தப்பினா ஈரல் அடிவாங்கும்.

இப்ப முக்கியமான கேள்வி: அடிபட்டதுலேந்து ஒண்ணுக்கு போச்சா?

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 9, ராத்திரி 11.02

தெரியலயே தம்பி. பேனர் ஈரமா இருந்துச்சு, அது ஆட்டோவுலயா ரோட்லயான்னு தெரியல. நடக்குமான்னு கேட்டா இதை கேக்கறீங்க.

நாமக்கல்_ஹாஸ்டல்
ஜூன் 9, ராத்திரி 11.20

நடக்கறத ரெண்டு மாசம் கழிச்சு பாத்துக்கலாம்கா, ஒண்ணுக்கு போகலன்னா ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சிடும். வண்டி இடுப்புல அடிச்சா மூத்திரப்பை கிழியலாம், இல்ல நரம்பு மரத்துப் போய் பை ரொம்பி கல்லு மாதிரி ஆகலாம். கீழ வெள்ளைத் துணி விரிச்சு விடுங்க, எவ்ளோ நனையுது, சிவப்பா இருக்குதான்னு தெரியும்.

அடுத்தது, முதுகெலும்பா இடுப்பெலும்பான்னு ஓரளவுக்கு பாக்க ஒரு வழி இருக்கு. பின்னங்கால் விரல் நடுவுல அழுத்திக் கிள்ளணும். காலை இழுத்துக்குச்சுன்னா உடனே சந்தோசப்பட்டுடாதீங்க, அது மூளைக்கு சேதி போகாமலே தண்டுவடத்துலயே நடக்கற வேலையா இருக்கலாம். திரும்பிப் பாக்கணும், இல்ல கத்தணும், இல்ல கடிக்க வரணும். அப்பத்தான் வலி மண்டைக்கு போகுதுன்னு அர்த்தம். ஆனா இதை நீங்க தனியா பண்ணாதீங்க, வாயை கட்டாம கண்டிப்பா பண்ணாதீங்க. நாளைக்கு எக்ஸ்ரே இருக்கற எடமா பாத்து போங்க.

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 9, ராத்திரி 11.31

கடிக்க வந்துச்சு! ஆட்டோவுல ஏத்தும்போது காலு மடங்கிடுச்சு, வெடுக்குன்னு திரும்பி என் மணிக்கட்டுல ஒரு பல்லு பட்டுச்சு. லேசான கீறல் தான், ரெண்டு சொட்டு ரத்தம். அப்ப முதுகெலும்பு நல்லா இருக்குதா?

ஓசூர்_பி_ஷிப்ட்
ஜூன் 9, ராத்திரி 11.35

மேடம் நாய் முதுகெலும்ப விடுங்க, உங்க கைய பாருங்க!! இப்பவே எழுந்து சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிசம் கழுவுங்க, கடிகாரத்த பாத்து 15 நிமிசம். மஞ்சள் சுண்ணாம்பு காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க, கட்டு போடாதீங்க. காலைல மொத வேலை கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. ரெண்டு கையிலயும் தோலுக்குள்ள போடற ரேபிஸ் ஊசி, மொத நாள், அப்புறம் 3, 7, 28வது நாள், காசு கிடையாது. ரத்தம் வந்ததால காயத்த சுத்தி போடற இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமிய உடனே தடுக்கற மருந்து) பத்தியும் கேளுங்க. 10 நாள் நாயை பாத்துட்டு அப்புறம் போடலாம்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, போட ஆரம்பிச்சிட்டு நாயை பாருங்க. நானும் இதே தப்பு பண்ணி அஞ்சு நாள் தூங்காம கிடந்தவன்.

பழைய_லாரிக்காரன்
ஜூன் 10, காலை 5.10

அம்மா, டெம்போக்காரன் நிக்கலன்னு எழுதிருக்கீங்க. நான் 22 வருசம் வண்டி ஓட்டுனவன், முழுக்க சேலம் பெங்களூர் லைன். தொப்பூர் எறக்கத்துல லோடோட வரும்போது குறுக்க நாய் வந்தா பிரேக்க மிதிச்சா பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏறிடுவான், திருப்புனா கவுந்துரும். அதனால மனசு கல்லாக்கிட்டு போயிட்டே இருக்கறது தான். சரின்னு சொல்லல. சர்வீஸ் ரோட்ல நிக்கலாம், அவன் நின்னுருக்கணும். நான் நிக்காம போனது ஏழெட்டு இருக்கும், ஒண்ணு மட்டும் கண்ணாடில தெரிஞ்சுது, எழுந்திரிக்க பாத்துச்சு. எக்ஸ்ரே செலவுக்கு நான் 1000 ரூபா தர்றேன், எப்படி அனுப்பறதுன்னு சொல்லுங்க.

பென்னாகரம்_ரோடு
ஜூன் 10, காலை 9.15

எல்லாரும் கோவப்படாதீங்க, ஆனா ஒருத்தன் சொல்லித்தான் ஆகணும். எங்க அக்கா பையன் ஆறு வயசு, போன தீபாவளிக்கு முன்னாடி தெரு நாய் கன்னத்துல கடிச்சு ஏழு தையல். இன்னிக்கு வரைக்கும் தெருவுல தனியா போக மாட்டான். மனுசனுக்கே ஸ்கேன் எடுக்க சேலம் ஓடறோம், தெரு நாய்க்கு எக்ஸ்ரேவா? அந்த டாக்டர் சொன்னது ஒண்ணும் தப்பில்ல.

ஓசூர்_பி_ஷிப்ட்
ஜூன் 10, காலை 9.50

சார், பையனுக்கு நடந்தது கொடுமை, மறுக்கல. அதுக்கு பதில் தெருவுக்கு தெரு கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் ஒழுங்கா நடக்கணும், அது நடக்கலங்கறதுல எனக்கும் உங்களுக்கும் ஒரே கோவம் தான். ஆனா இவங்க கேட்டது அந்த நாயை தொட்டுப் பாத்துட்டு சொல்லுங்கன்னு தான. கருணைக்கொலையே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், நானே ஒண்ணுக்கு கையெழுத்து போட்டிருக்கேன், அதுக்கு முதுகு நெசமாவே துண்டாயிருந்துச்சு, எக்ஸ்ரேவுல குழந்தை கூட சொல்லிடும். பாத்துட்டு முடிவு எடுக்கறதுக்கும் பாக்காம எடுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல.

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 10, ராத்திரி 8.30

ஊசி போட்டுகிட்டேன், ரெண்டு கையிலயும், காயத்த சுத்தியும் போட்டாங்க அது தான் உயிரு போச்சு.

மொதல்ல நம்மூர் கால்நடை மருந்தகத்துக்கு தூக்கிட்டு போனேன். அந்த டாக்டர் அம்மா நல்லா பாத்தாங்க. வாயை கட்டுத்துணியால கட்டி, விரல கிள்ளி, வயித்த அழுத்திப் பாத்து, வலி தெரியுது, மூத்திரப்பை முழுசா இருக்குது ஆனா ரொம்பியிருக்குது, எக்ஸ்ரே இங்க இல்ல கிருஷ்ணகிரி போங்கன்னு எழுதி குடுத்தாங்க. கிருஷ்ணகிரில தனியார் டாக்டர் ஒருத்தர் கிட்ட எடுத்தோம், 700 ரூபா. முதுகெலும்பு ஒண்ணுமே ஆகல. இடுப்பெலும்பு மூணு எடத்துல ஒடஞ்சிருக்கு. இடுப்பு ஒரு வளையல் மாதிரியாம், வளையல் ஒரு எடத்துல மட்டும் ஒடையாதுல்ல. தொடை எலும்பு வந்து சேர்ற கிண்ணம் தப்பிச்சிருச்சு, ஆபரேசன் வேணாம், சுத்தி இருக்கற சதையே பிடிச்சுக்கும், ஆறுலேந்து எட்டு வாரம் சின்ன எடத்துல அடைச்சு வைங்கன்னாரு. ஊசி, நாய்க்குன்னே இருக்கற வலி மருந்து அஞ்சு நாளைக்கு, பைய அழுத்தி ஒண்ணுக்கு எடுக்கறது எப்படின்னு என் கைய பிடிச்சு சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு கையையும் வயித்துக்கு ரெண்டு பக்கமும் வச்சு, பின்னாடி பக்கம் பலூன் மாதிரி ஒண்ணு தட்டுப்படும், அத மெதுவா அமுக்கணும், குத்தக் கூடாது. ஒரு நாளைக்கு மூணு தடவை.

மொத தடவை வந்தப்ப நானும் பொண்ணும் கைதட்டினோம்னா பாத்துக்கங்க. நாங்க ஒரு ஒண்ணுக்குக்கு கைதட்டுவோம்னு யாரு நெனச்சா.

பேரு களி. தட்டுல போட்ட களி மாதிரி அப்படியே கிடக்குதுன்னு பொண்ணு வச்சது.

சந்தூர்_மாங்கா
ஜூன் 10, ராத்திரி 9.05

டோலோ சொன்னதுக்கு சாரிக்கா, எங்க தோப்புல ரெண்டு நாய் காரணம் தெரியாம செத்துச்சு, இப்ப தான் ஒறைக்குது. சரி எலும்பு சூப்பு வைக்கலாம்ல? எலும்பு ஒடஞ்சதுக்கு எலும்பு.

நாமக்கல்_ஹாஸ்டல்
ஜூன் 10, ராத்திரி 9.40

சூப்பு ஊத்தலாம், உப்பு கம்மியா வெங்காயம் இல்லாம. எலும்பு மட்டும் வேணவே வேணாம். இடுப்பு வளையம் ஒடஞ்சு சேரும்போது உள்ள வழி சுருங்கிடும், மலம் அந்த வழியா தான் வரணும். வெந்த எலும்பு உள்ள போச்சுன்னா சுண்ணாம்பு கட்டி மாதிரி அடைச்சுக்கும். சோறு, தோல் எடுத்த கோழி, முட்டை, கூடவே அவிச்ச பரங்கிக்கா ரெண்டு ஸ்பூன். ராகி கூழு தண்ணியா குடுக்கலாம், பேருக்கு ஏத்த மாதிரி. கால்சியம் டானிக்க ஊத்தி ஊத்தி குடுக்கறதுல பெருசா ஒண்ணும் ஆகாது. புத்தூர் கட்டுக்கு வேலையே இல்ல, இடுப்புக்கு எப்படிண்ணா கட்டு போடுவீங்க? காலை சுத்தி இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு நல்ல காலும் அழுகும், எங்க காலேஜ்ல வாரத்துக்கு ஒண்ணாவது வருது.

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 17, மதியம் 2.15

ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு நாளா தானாவே ஒண்ணுக்கு போகுது!! ரெண்டுக்கு தான் முக்குது.

பிரச்சனை என்னன்னா வீட்டு ஓனர். கடைக்குள்ள வச்சிருந்தா கஸ்டமர் வர மாட்டாங்க, வீட்டுக்குள்ள வச்சா ஓனர் அம்மா, பூஜை ரூம் இருக்கற வீட்டுல பொட்டை நாயாங்கறாங்க. ஆம்பள நாயா இருந்தா பரவால்லயாம். பின்கட்டுல தண்ணித் தொட்டி பக்கத்துல தகரம் போட்ட எடம் இருக்கு, அங்க ரெண்டு பழைய கட்டிங் டேபிள சாச்சு வச்சு அடைச்சிருக்கேன், நாலடிக்கு மூணடி. தகரத்துக்கு மேல சாக்கு நனைச்சு போட்டா வெயிலு தாங்குது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தி படுக்க வைக்கறோம், ராத்திரி அலாரம் வச்சு. ஆனாலும் இடது இடுப்பு முட்டுல ஒரு ரூபா அளவுக்கு தோலு சிவந்திருக்கு. வெளிய தூக்கிட்டு போறதும் கஷ்டம், துண்ட வயித்துக்கு அடில குடுத்து தூக்கினா சுருண்டு கயிறாயிடுது, அதுக்கு வலிக்குது.

ஓசூர்_பி_ஷிப்ட்
ஜூன் 17, மாலை 6.00

படுக்கைப் புண்ணு ஆரம்பம் அது, விட்டுடாதீங்க. சாக்கு மேல படுக்க வைக்காதீங்க, சொரசொரன்னு உராயும். பழைய ஃபோம் மெத்தை, மேல ரெக்சின், அதுக்கு மேல தினம் மாத்தற பருத்தித் துணி. ஈரம் ஆகவே கூடாது. நீங்க தையல்காரங்க, துண்டு எதுக்குங்க? தைச்சிடுங்க.

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 20, ராத்திரி 9.50

தைச்சிட்டேன். கேட்டவங்களுக்காக அளவோட சொல்றேன், நாய்க்கு நாய் மாத்திக்கங்க. களிக்கு கடைசி விலா எலும்புக்கும் பின்னந்தொடைக்கும் நடுவுல சுத்தளவு 21 இன்ச்சு. 8 இன்ச்சு அகலத்துக்கு ஸ்கூல் பேக் தைக்கற கேன்வாஸ், உள்ள அரை இன்ச்சு ஃபோம், தோல்ல படற பக்கம் பழைய காட்டன் நைட்டி துணி. பாலியஸ்டர் வேணாம், வேர்த்து அரிக்கும். தொடைப்பக்கம் ரெண்டு ஓரத்தையும் ஆர்ம்ஹோல் வெட்டற மாதிரி வளைச்சு வெட்டிடுங்க, இல்லன்னா தொடை இடுக்குல அறுக்கும், எனக்கு மொத பீஸு அப்படித்தான் வீணாச்சு. பொட்டை நாய்க்கு பட்டை ரொம்ப பின்னாடி போகக் கூடாது, ஒண்ணுக்கு போற எடம் மூடிடும். பிடிக்கறதுக்கு பை நாடா, நாம குனியாம நிக்கற உசரத்துக்கு விடுங்க (நான் குட்டை, எனக்கு 19 இன்ச்சு போதுமா இருந்துச்சு). நாடாவ பட்டைக்கு அடியிலயும் ஒரு சுத்து குடுத்து தைங்க, மேல மட்டும் தைச்சா பாரம் தாங்காம பிஞ்சிக்கும். ஜாக்கெட்டு தைக்கும்போது ஊக்கு இழுக்காம இருக்க பண்ற அதே வேலை தான்.

போட்டுகிட்டு மொத நாள் நாலடி நடந்துச்சு. பின்னங்கால் தரைய தொட்டும் தொடாம காத்துல சைக்கிள் மிதிக்குது.

பழைய_லாரிக்காரன்
ஜூன் 21, காலை 4.50

அம்மா ரெண்டு பீஸு தைங்க. காசு அனுப்பறேன். இங்க பெட்ரோல் பங்கு கிட்ட ஒரு கிழட்டு நாய் இருக்குது, இடுப்பு விழுந்து போச்சு.

வெங்காயச்_சருகு
ஜூன் 28, மதியம் 12.30

நான் பாலக்கோடு. களி கதைய எங்க அவ்வாவுக்கு தினம் படிச்சு காட்டறேன். ஒரு டவுட்டு, இடது கால் பாதம் மடங்கி மேல் பக்கம் தரையில தேயுதுன்னு போட்டோல தெரியுதே?

தையல்மிஷின்_அக்கா
ஜூன் 28, ராத்திரி 10.00

ஆமாங்க, கண்ணு கூர்மை உங்களுக்கு. இடுப்பு ஒடஞ்ச எடத்துல கால் நரம்பு அடிபட்டிருக்காம். தேஞ்சு ரத்தம் வந்துச்சு. குழந்தை சாக்ஸு போட்டு, அதுக்கு மேல சைக்கிள் ட்யூப் வெட்டி தைச்சு விட்டேன், வெளிய போகும்போது மட்டும். டாக்டர் இப்ப காலை மடக்கி நீட்டச் சொல்லிட்டாரு, தடவைக்கு பத்து, நாளைக்கு மூணு தடவை. பொண்ணு வாய்ப்பாடு சொல்லிகிட்டே பண்றா, பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துட்டா, கணக்குல அவ வாங்கற மார்க்குக்கு இது வேற.

மனசு விட்டு ஒண்ணு சொல்றேன். போன செவ்வாக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு மெத்தையெல்லாம் பேதி, கரெண்டு இல்ல, மறுநாள் ஏழு பிளவுஸு டெலிவரி, பின்கட்டுல உக்காந்து அந்த டாக்டர் சொன்ன மாதிரி ஊசியே போட்டிருக்கலாம்னு நெனச்சேன். நெனச்சது மட்டுமில்ல, சத்தமா சொன்னேன். அது வால ஆட்டுச்சு. வாலு அன்னிக்கு தான் மொத மொத ஆடுச்சு, அதுவும் பேதில.

ஓசூர்_பி_ஷிப்ட்
ஜூன் 28, ராத்திரி 10.25

நாய் வளக்கற எல்லாரும் ஒரு நாள் அத சத்தமா சொல்லியிருப்பாங்க, எழுத மாட்டாங்க. வாலு ஆடுச்சுன்னா நல்ல சேதி மேடம், அந்த நரம்பும் மூத்திரப்பை நரம்பும் பக்கத்து பக்கத்து எடத்துலேந்து தான் வருது.

பென்னாகரம்_ரோடு
ஜூலை 6, காலை 8.00

நான் தான். திட்ட வரல. அக்கா பையனுக்கு அந்த சைக்கிள் ட்யூப் செருப்பு போட்டோவ காட்டினேன், பெருசா பண்ணிப் பாத்தான். இந்த நாய் கடிக்குமான்னு கேட்டான். என்ன சொல்றது?

தையல்மிஷின்_அக்கா
ஜூலை 6, காலை 8.40

கடிச்சுதுன்னு சொல்லுங்க, என்னையே கடிச்சுது, மூணு தடவை ஊசி போட்டாச்சு, இன்னும் ஒண்ணு பாக்கின்னு சொல்லுங்க. வலிச்சப்ப கடிச்சுது, இப்ப வலி இல்ல. 10 நாள் தாண்டி நல்லா இருந்துச்சு, அதுக்கும் ரேபிஸ் ஊசி போட்டாச்சு. பொய் சொல்லி பயத்த எடுக்க வேணாம்ணே.

தையல்மிஷின்_அக்கா
ஆகஸ்ட் 5, ராத்திரி 9.15

எட்டு வாரம். மறுபடி எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு கூடியிருச்சு, கொஞ்சம் கோணலா. வாத்து நடை நடக்குது, பின்பக்கம் ஒரு பக்கமா ஆடும், ஓடும்போது முயல் மாதிரி ரெண்டு காலையும் சேத்து வச்சு தாவும். டைல்ஸுல மட்டும் வழுக்குது, கடைல சாக்கு விரிச்சிருக்கேன். மொத்த செலவு 6,400, அதுல 2,500 இங்க இருக்கறவங்க குடுத்தது, நோட்டுல எழுதி வச்சிருக்கேன் யாரு வேணா கேக்கலாம்.

இப்ப அடுத்த கேள்வி. எங்க விடறது? கருத்தடை பண்ணி பிடிச்ச எடத்துலயே விடணும்ங்கறது தான் 2023 விதின்னு முனிசிபாலிட்டில ஒருத்தர் சொன்னாரு. பிடிச்ச எடம் பைபாஸு.

நாமக்கல்_ஹாஸ்டல்
ஆகஸ்ட் 5, ராத்திரி 10.10

அந்த விதி தெருவுல ஆரோக்கியமா இருக்கற நாயை பிடிச்சு ஆபரேசன் பண்ணி விடறதுக்குக்கா. தத்து குடுக்கறத யாரும் தடுக்கல. பைபாஸுல விட்டா அது வண்டிக்கு ஒதுங்கற வேகத்துல இல்ல.

ஆனா கருத்தடை இதுக்கு கண்டிப்பா, மத்த நாயை விட இதுக்கு ரொம்ப அவசியம். இடுப்பு வழி சுருங்கியிருக்கு, குட்டி போட்டா வெளிய வராது, தாயும் குட்டியும் சேந்து போகும். தத்து எடுக்கறவங்க கிட்ட பாத்துக்கறோம்னு சொன்னா நம்பாதீங்க, பண்ணிட்டு குடுங்க.

சந்தூர்_மாங்கா
ஆகஸ்ட் 6, காலை 7.20

அக்கா எங்க தோப்புக்கு குடுங்களேன். சீசன் முடிஞ்சு போச்சு, ஆள் நடமாட்டம் இல்ல, வண்டி வராது, மண்ணு தரை வழுக்காது. எங்கப்பா அங்கயே தான் படுக்கறாரு. டோலோ குடுக்க மாட்டேன், சத்தியமா.

தையல்மிஷின்_அக்கா
ஆகஸ்ட் 31, ராத்திரி 8.45

கருத்தடை முடிஞ்சு தையல் பிரிச்சு (டாக்டர் தையல் என் தையலை விட சுமாரு தான்) இன்னிக்கு சந்தூர்ல கொண்டு போய் விட்டோம். தோப்ப போய் முன்னாடியே பாத்துட்டு வந்தேன், வேலி, தண்ணி, அவங்கப்பா எல்லாம். எலும்பு போடக் கூடாது, மலம் ரெண்டு நாள் வரலன்னா போன் பண்ணணும், பரங்கிக்கா, எல்லாத்தையும் காலண்டர் அட்டைல எழுதி மாட்டிட்டு வந்திருக்கேன்.

கிளம்பும்போது அழுவும்னு பொண்ணு நெனச்சா. அது அந்த பெரியவர் லுங்கிய மோந்துட்டு மாமரத்துக்கு கீழ குழி தோண்ட போயிடுச்சு, பின்னங்கால்ல தோண்டுது, அதுல ஒரு காலு பாதி தான் வேலை செய்யுது, மண்ணெல்லாம் ஒரு பக்கமாவே பறக்குது. பஸ்ஸுல பொண்ணு பேசவே இல்ல. பின்கட்டு காலி, அலாரம் மட்டும் ரெண்டு மணிக்கு அடிச்சுகிட்டு இருக்கு, நிறுத்த மறந்துட்டேன்.

புதுசு_பாரூர்
செப்டம்பர் 4, மாலை 7.30

இந்த இழைல கேக்கலாமான்னு தெரியல. பாரூர் ஏரிக்கரைகிட்ட ஒரு நாய், பைக்ல அடிபட்டு கீது, இடுப்பு விழுந்துகீது. தூக்கி வந்து திண்ணைல போட்டுகீறேன். நடக்குமா?

தையல்மிஷின்_அக்கா
செப்டம்பர் 4, மாலை 7.34

ஒண்ணுக்கு போச்சாங்க? கீழ வெள்ளைத் துணி விரிங்க. வலி மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்க. உங்கள கடிச்சுதா? சுத்தளவு அளந்து அனுப்புங்க, டேப்பு இல்லன்னா கயித்துல அளந்து ஸ்கேல்ல வைங்க.